கண்ணாடி பார்க்காமல் திறந்த பதினொரு சன்னல்கள்

குற்றாலத்தில் பழைய பங்களா ஒன்றைக் கல்லூரியாக்கி இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு ஒரு கிழவன் அங்கே வந்து, திறந்து கிடக்கும் சன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிழவன் நான்தான். பெயர் குத்தாலிங்கம். "சாரல் அடிக்கிற ஊர்ல வந்து படிக்கோம், இந்த அண்ணாச்சி சன்னலை அடைச்சிட்டுப் போறாரு" என்று நீங்கள் முனகுவது என் காதில் விழத்தான் செய்கிறது. எனக்குக் காது நன்றாக இருக்கிறது.

ஏன் அடைக்கிறேன் என்று கல்லூரி மலருக்கு எழுதித் தரும்படி முதல்வர் அம்மா கேட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் கேட்கிறார்களே என்று முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, நம்மிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள் என்று தோன்றிவிட்டது. எழுத்துப் பிழைகளைத் தமிழ் சார் திருத்திக்கொள்வார். விஷயத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது.

"பெருமைக்குச் சொல்லவில்லை" என்று ஆரம்பிப்பது மேடைப் பேச்சாளர்களுடைய வழக்கம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். இத்தாலி தேசத்தில், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் அரண்மனையில் ஒரு பல்கலைக்கழகம் நடக்கிறது. அங்கே இருபத்து நான்கு வருஷம் வேலை பார்த்துத் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன், தென்காசித் தாலுகாவில் நான் ஒருத்தன்தான். இன்னொருத்தர் இருந்தால் வரச் சொல்லுங்கள், காப்பி வாங்கித் தருகிறேன். காவலர் என்றதும் போலீஸ் என்று எண்ண வேண்டாம். போலீஸ்காரர் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். நான் காவல் காத்தது கட்டடத்தை.

அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வயல் வேலை. எனக்குச் சேற்றில் இறங்கப் பிடிக்கவில்லை. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரூம் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் இருந்தேன். சீசன் வந்தால் அருவியில் குளித்த ஜனம் ஈரத்தோடு வந்து மெத்தையில் உட்காரும். மேனேஜர் காலையிலும் மாலையிலும் மாடிப்படியில் நின்று ஒரே சத்தம்தான் போடுவார்: "ஏலே குத்தாலம், சன்னலைத் திறந்து விடுலே, ஈரம் போவட்டும்!" ஒன்பது வருஷம் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டேன். அது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

லாட்ஜில் அடிக்கடி வந்து தங்கும் மலையாளி ஒருவர், செங்கோட்டைப் பக்கம் சம்பந்தம் செய்தவர், இத்தாலியில் சமையல் வேலை பார்த்தார். என் வேலைச் சுத்தத்தைப் பார்த்து அவர்தான் கூட்டிப் போனார். அங்கே படுக்கையில் கிடந்த பெரியவர் ஒருவரை நாலு வருஷம் பார்த்துக்கொண்டேன். அவர் இறந்ததும், பல்கலைக்கழக ஆபீசில் இருந்த அவர் மகள், "எங்கப்பாவுக்கு ஒரு படுக்கைப் புண் வராமப் பார்த்துக்கிட்ட கை இது" என்று சொல்லி அரண்மனையில் சேர்த்துவிட்டார். அப்படிப்பட்ட கை எனக்கு.

அரண்மனை என்றால் சினிமாவில் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். வெளியே பார்த்தால் கருங்கோட்டை. கடலைப் பார்த்த முகப்பு. மாட்டுவண்டியே ஓட்டிப் போகலாம் போல அகலமான சுவர். நடுவில் கல் பாவிய பெரிய முற்றம். முந்திக் குதிரை கட்டிய இடத்தில் இப்போது சட்டப் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். ராணி பிரசவித்த அறையில் பரீட்சை ஆபீஸ். அங்கே பிள்ளைகள் வரிசையில் நின்று அழுவதைப் பார்த்தால், அறைக்குப் பழைய வாசனை போகவில்லை என்றுதான் தோன்றும்.

மாடியில் பெரிய கூடம். அதுதான் அந்தக் கட்டடத்தின் உயிர். ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் அதன்மேலேயே வர்ணம் தீட்டுகிற முறையில் சுவர் முழுக்கச் சித்திரம். துறைமுகம், கப்பல், சந்தை. சில வர்ணம் மட்டும் சுண்ணாம்பு காய்ந்த பிறகு மேலே பூசினது, அது ஈரம் தாங்காது. வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெண் கூடை நிறைய எலுமிச்சம்பழத்தோடு நிற்பாள். முதல் நாள் அவளைப் பார்த்ததும், புளியங்குடி மார்க்கெட்டில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே இங்கே வந்துவிட்டாளோ என்று நினைத்தேன். ஊர்க்காரியைப் பார்த்த சந்தோஷம். தினமும் அவளுக்குத்தான் முதல் வணக்கம்.

அந்தக் கூடத்தில்தான் பட்டப் பரீட்சை. ஏழு பேராசிரியர்கள் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். படித்து முடித்த பிள்ளை அவர்கள் முன்னால் நின்று, தான் எழுதினதைச் சொல்லி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் நின்று நின்று அந்த இடத்தில் தரைக்கல் லேசாகக் குழிந்திருக்கும். தேறிவிட்டால் தலையில் இலைக் கிரீடம் சூட்டி, முற்றத்தில் ஒரே பாட்டும் கூத்தும்.

எனக்கு மேலே இருந்தவள் அசுந்தா அம்மா. அறுபதைத் தொடுகிற வயது, குள்ளம், இடுப்பில் நாற்பத்தொரு சாவி. ஒன்றிலும் அடையாளச் சீட்டுக் கிடையாது. விரலால் தடவியே இன்ன கதவு என்று சொல்லிவிடுவாள். வாசலை ஒட்டிய இரண்டு அறைதான் அவள் வீடு. அது வேலையோடு சேர்ந்த வீடு. புருஷன் அதே வேலையில் இருந்து, அதே வீட்டில் கண்ணை மூடியவர். பிள்ளைகள் இல்லை. அவள் பேசினது எல்லாம் இத்தாலிப் பாஷைதான். என் காதில் அது நம் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாளே சொன்னாள்: "இங்கன இருக்கிற வாத்தியாருமாரு, அதிகாரி எல்லாரும் வருவாக, போவாக. நமக்கு மேலதிகாரி சுவருதான். அது என்ன சொல்லுதோ அதைக் கேளு."

சுவர் சொல்வதைக் கேட்பதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. கையகலக் கண்ணாடி ஒன்றை, முகம் பார்க்கிற சாதாரணக் கண்ணாடிதான், துணியில் மடித்துக் கூடத்துச் சுவரின் அடியில் வைத்துவிடுவாள். ராத்திரி முழுக்க அங்கே கிடந்து அதுவும் சுவரைப்போல் குளிர்ந்துவிடும். காலையில் ஒரே ஒரு சன்னலை முழங்கை நுழைகிற அளவுக்குத் திறந்து, கண்ணாடியை வெளிக்காற்றில் நீட்டி, நூறு எண்ணுவாள். கண்ணாடி தெளிவாகவே இருந்தால் சன்னல் திறக்கலாம். மங்கலாகப் பனி படர்ந்தால் திறக்கக் கூடாது. கண்ணாடியில் படர்கிறது, சன்னலைத் திறந்தால் சுவரிலும் படரும். குளிர்ந்த சொம்புக்கு வெளியே தண்ணீர் கோத்துக்கொள்கிறதே, அதே சங்கதி.

பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். தேதி, காற்று எந்தத் திசை, கண்ணாடி எப்படி, எத்தனை சன்னல், எத்தனை மணி வரை. எனக்கு அந்த ஊர் எழுத்து தெரியாது. வாயால் பேசக் கற்றுக்கொண்டேன், அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. எழுத்து மட்டும் வரவில்லை. ஆகவே நான் பார்த்த நாட்களிலும் என் வாய்மொழியைக் கேட்டு அவளே எழுதி, அவளே கையெழுத்துப் போடுவாள். ஏழு வருஷம் அப்படித்தான் ஓடியது. யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

பனிக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டும் மாதம் அது. பட்டப் பரீட்சை நாள். அசுந்தா அம்மா தங்கச்சியை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போயிருந்தாள். கூடம் முழுக்க என் பொறுப்பு. சொந்தபந்தம், கூட்டாளி என்று நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரம்மா மகள் ஒருத்திக்கு அன்று பரீட்சை. மேசைக்கு முன்னால் நிற்கிறவள் முகம் வெளுத்துப் போயிற்று. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "லிங்கோ, மூச்சு முட்டுது." அங்கே எனக்கு அதுதான் பெயர்.

நான் சன்னல் பக்கம் போனேன். இடுக்கு வழியாகக் காற்று வந்தது. தெற்கே ஆப்பிரிக்காவிலிருந்து கடலைக் கடந்து வருகிற வெதுவெதுப்பான ஈரக் காற்று. முகத்தில் பட்டதும் எனக்கு ஐந்தருவிச் சாலை ஞாபகம் வந்துவிட்டது. ஆனி மாதச் சாரல் அப்படியே. மேனேஜர் மாடிப்படியில் நின்று கத்துகிற மாதிரி இருந்தது. கண்ணாடியை எடுக்கவில்லை, நூறு எண்ணவில்லை. பதினொரு சன்னலையும் விரியத் திறந்துவிட்டேன்.

கூட்டம் கைதட்டியது. அந்தப் பிள்ளை மூச்சு விட்டு, பதில் சொல்லி, தேறி, இலைக் கிரீடத்தோடு வந்து என் கையைக் குலுக்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டம் வாங்கிக் கொடுத்தவனே நான்தான் என்று மிதந்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு திரும்பிப் பார்த்தால், சுவர் வியர்த்திருக்கிறது. கப்பலிலும் கடலிலும் முத்து முத்தாக நீர். பனிக்காலம் முழுக்கக் குளிர்ந்து கிடந்த கல்லில் ஈரக் காற்று பட்டு அப்படியே நீராக நின்றுவிட்டது. எலுமிச்சைக்காரியின் முகத்தில் மூன்று கோடு வழிந்தது. இடுப்பில் செருகியிருந்த துடைக்கிற துணியை எடுத்து அவள் கூடைப் பக்கம் ஒற்றினேன். துடைக்கக் கூடாது என்று தெரியும். லாட்ஜில் ஒன்பது வருஷம் துடைத்த கை கேட்கவில்லை. துணியைப் பார்த்தால் மஞ்சள். சுவரில் ஒரு எலுமிச்சம்பழம் இல்லை.

துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, சன்னல்களை அடைத்தேன்.

சாயந்திரம் அவள் வந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "கண்ணாடி பார்த்தியா?"

"பார்த்தேன். தெளிவா இருந்துச்சு."

என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் சுவரைப் பார்த்துவிட்டு ஆபீசில் கொந்தளித்துவிட்டார்கள். விசாரணைக் குழு வைத்தார்கள். துறைமுக ஆபீசில் காற்றுக் கணக்கு வாங்கிப் பார்த்தார்கள். காலை முழுக்கத் தெற்குக் காற்று, ஈரம் ஏராளம். கண்ணாடி தெளிவாக இருந்திருக்க வழியே இல்லை. நோட்டில் இருக்கிற எழுத்து யாருடையது? அசுந்தாவுடையது. கையெழுத்து? அவளுடையது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள் பார்க்காமலே பார்த்ததாக எழுதியிருக்கிறாள் என்று முடிவுக்கு வந்தார்கள். சன்னலைத் திறந்த கை என்னுடையது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆனால் அவள் சொல்படி திறந்தவன் என்று என்னை விட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை குழு கூடும், அன்றே வேலை போகும் என்று பேச்சு. வேலை போனால் வாசல் வீடும் போகும்.

அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. மூன்று நாள். இதில் பெருமை கிடையாது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். எனக்கு அங்கே இருக்கிறதுக்கான அனுமதிக் காகிதம் வேலையோடு கட்டினது. வேலை போனால் காகிதம் போகும், ஊருக்கு வண்டியேற வேண்டியதுதான். இங்கே தென்காசியில் மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். இதையே திருப்பித் திருப்பி எனக்குள் சொல்லிக்கொண்டேன். தினமும் எலுமிச்சைக்காரிக்கு வணக்கம் வைக்கிறவன், அந்த மூன்று நாளும் கூடத்துக்குள் போகவேயில்லை.

புதன்கிழமை சம்சாரத்துக்குப் போன் போட்டேன். உலகம்மாள் என்னைவிடப் படித்தவள், எட்டாவது. எல்லாவற்றையும் சொன்னேன். தைரியம் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இது:

"அந்த அம்மா எங்க போவாவளாம்?"

"தங்கச்சி வீட்டுக்குப் போவாவளாயிருக்கும்."

"தங்கச்சி ஆஸ்பத்திரில கிடக்கான்னு சொன்னியளே." அவளே தொடர்ந்தாள். "இங்க பாருங்க, நீங்க ஊருக்கு வந்தா நமக்கு வீடு இருக்கு. ஓடு ஒழுகுது, இருந்தாலும் வீடு இருக்கு. அந்த அம்மாவுக்கு இருக்கா? சன்னலைத் திறந்தது நீங்கதானே. போய்ச் சொல்லிட்டு வாங்க. வெறுங்கையோட வந்தாலும் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

வியாழக்கிழமை குழு அந்தக் கூடத்திலேயே கூடியது. சுவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பேச வேண்டுமாம். அதே நீள மேசை, ஏழு பேர். அசுந்தா அம்மா ஓரத்தில் ஒரு நாற்காலியில் சாவிக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒப்படைத்துவிட்டுப் போகிறவள் மாதிரி.

நான் கூப்பிடாமலே உள்ளே போனேன். எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கால் தானாகப் போய், பிள்ளைகள் நின்று குழிந்த அந்தக் கல்லில் நின்றது. பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து மேசையில் விரித்தேன். மஞ்சள் கறை காய்ந்து போயிருந்தது.

"திறந்தது நான். துடைச்சதும் நான். கண்ணாடி பார்த்தேன்னு இந்தம்மாகிட்டப் பொய் சொன்னதும் நான். எனக்கு எழுதத் தெரியாது, அவிய நம்பி எழுதிட்டாவ."

நிர்வாக அதிகாரி ஒருவர், கோட்டுப் போட்ட இளவட்டம், சிரிக்காமல் கேட்டார்: "அதென்ன கண்ணாடி? அதில் என்ன தெரியும்?"

வார்த்தையை நோட்டில் படித்தவருக்குச் சங்கதி தெரியாது! அந்தக் கட்டடத்தை நிர்வாகம் செய்கிறவர். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சுவரடிக்குப் போய், துணி மடிப்பைப் பிரித்துக் கண்ணாடியை எடுத்தேன். அன்றைக்கும் தெற்குக் காற்றுதான். ஒரு சன்னலை முழங்கை அளவு திறந்து, வெளியே நீட்டி, அவர்கள் பாஷையில் சத்தமாக எண்ணினேன். முப்பதுக்கே மங்கிவிட்டது. நூறு எண்ணி முடித்து அவர்கள் முன்னால் காட்டினேன். பனி படர்ந்து ஒரு சொட்டு வழிந்தது.

"அன்னைக்கு நான் செய்யாத வேலை இதுதான்" என்றேன்.

ஏழு பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அதில் நரைத்த தாடி வைத்த பேராசிரியர் ஒருவர், கட்டடங்களைப் பற்றியே படித்தவர், கண்ணாடியைக் கையில் வாங்கினார். சுவர் ஏன் காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். எந்த மாதம் ஆபத்து என்று கேட்டார், சொன்னேன். கூட்டம் நெருக்கினால் என்ன செய்வது என்றார். கடல் பக்கம் தொடக் கூடாது, முற்றத்துப் பக்கக் கதவைத் திறந்து பாதிப் பேரை வெளியே நிறுத்த வேண்டும் என்றேன். "அதை ஏன் அன்று செய்யவில்லை?" என்றார்.

அதற்கும் உண்மையைச் சொன்னேன். குற்றாலம் என்று ஓர் ஊர், அங்கே சாரல் என்று ஒன்று, ஒரு லாட்ஜ் மேனேஜர். அவர் சிரித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். இளவட்ட அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார்கள். முற்றத்துப் படியில் அவளும் நானும் மட்டும். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அன்னைக்கே தெரியும். நான் மடிச்சு வச்ச மடிப்பு அப்படியே கிடந்துச்சு."

"தெரிஞ்சே ஏன் எழுதுனீங்க? ஏன் சொல்லலை?"

"சொன்னா உன்னைக் கப்பலேத்திருப்பான். உனக்குப் பொம்பளப் பிள்ளை இருக்கு. எனக்கு ரெண்டு வருஷத்துல ஓய்வு, எப்படியும் வீட்டைக் காலி பண்ணணும்." சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "ஆனா மூணு நாளு எடுத்துக்கிட்டியேலே."

அந்த ஊரில் 'லே' கிடையாது. எனக்கு அப்படித்தான் கேட்டது.

தீர்ப்பு வந்தது. அசுந்தா அம்மாவுக்குக் கண்டிப்புக் கடிதம் ஒன்று, வேலையும் வீடும் அப்படியே. எனக்கு ஆறு மாதம் கூடத்துக்குள் போகத் தடை, முற்றம் பெருக்கும் வேலை. காகிதத்தில் கை வைக்கவில்லை. அது அந்தத் தாடிப் பேராசிரியர் புண்ணியம் என்று பிறகு கேள்விப்பட்டேன். கூடவே ஒரு உத்தரவு: இனி யார் கண்ணாடி பார்க்கிறாரோ அவரே தன் கையால் நோட்டில் எழுத வேண்டும்.

நாற்பத்து நாலு வயதில் அந்த ஊர் எழுத்தைக் கூட்டக் கற்றுக்கொண்டேன். ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து அசுந்தா அம்மா நகராட்சி கொடுத்த ஒரு சின்ன வீட்டுக்கு மாறிப் போனாள். நாற்பத்தொரு சாவியும் என் இடுப்புக்கு வந்தது. ஒவ்வொன்றையும் விரலால் தடவிச் சொல்லுவேன், இப்போதும் கேட்டால் சொல்லுவேன். சித்திரம் திருத்துகிறவர்கள் வந்து எலுமிச்சம்பழத்தைத் திரும்ப வைத்தார்கள். மற்றப் பழங்களைவிட அது ஒரு சாயல் பச்சை. அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஆகவே பிள்ளைகளே, நம் பங்களா நூலகத்தில் போன சீசனில் புத்தகமெல்லாம் பூசணம் பூத்ததே, அது சாரல் செய்த வேலை இல்லை, சன்னல் செய்த வேலை. தென்காசி பஜாரில் ஒரு கண்ணாடி வாங்கி நூலகச் சுவரடியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் நோட்டு இருக்கிறது. காற்று வேண்டுமென்றால் தாராளமாகத் திறங்கள். நூறு எண்ணிவிட்டுத் திறங்கள். எண்ணினவர் பெயர் எழுதுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எழுதக் கற்றுக்கொண்டதும் நான் முதலில் எழுதினது பரீட்சை நாளின் அந்தப் பக்கத்தில்தான். அசுந்தா அம்மா எழுதின வரியை அடிக்கக் கூடாது, பழைய பதிவில் கை வைப்பது குற்றம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கீழே ஒரு விரல் அகலம் இடம் இருந்தது. அதில் எழுதிக்கொள்ள அனுமதி வாங்கினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், உதவி செய்யவில்லை. இரண்டு வார்த்தைக்கும் என் பெயருக்கும் கால் மணி நேரம் ஆயிற்று.

அந்த அரண்மனையில் படித்தவர்கள் எழுதிய புத்தகங்கள் அறை அறையாக அடுக்கி இருக்கின்றன. என்னுடையது அந்த நோட்டில், அவளுடைய அழகான கையெழுத்துக்குக் கீழே, கோணல்மாணலாக இருக்கிறது:

கண்ணாடி பார்க்கவில்லை. குத்தாலிங்கம்.